ஹெலிகாப்டர் பழக 25,000 ரூபாய்: நல்ல ஸ்டிக்கா, த்ராட்டிலா, பெடலா?

கோத்தகிரியில் இருக்கும் அக்கா பையன் மே மாத சீசன் முழுக்க ஊட்டியில் ஒரு கடையில் வேலை பார்த்து 25,000 ரூபாய் சேர்த்திருந்தான். மழை ஆரம்பித்த வாரத்தில் போன் செய்தான். "மாமா, ஹெலிகாப்டர் ஓட்டப் பழகணும். கம்ப்யூட்டர்ல, சிமுலேட்டர்லதான். இந்தக் காசுக்கு எந்த ஜாய்ஸ்டிக் வாங்கட்டும்? நீங்க சொல்றதையே வாங்கிக்கிறேன்."

அவனுக்கு இந்த ஆசை எப்போது வந்தது என்று எனக்குத் தெரியும். 2024 மார்ச்சில் குன்னூர்ப் பக்கம் மலைக்காடு பற்றி எரிந்தபோது, விமானப்படையின் எம்ஐ-17வி5 ஹெலிகாப்டர் அடியில் தொங்கிய வாளியில் தண்ணீர் கொண்டுவந்து கொட்டியது. அன்று அவன் எங்கள் வீட்டில்தான் இருந்தான். புகைக்கு மேலே அது அசையாமல் நின்ற அந்தச் சில நொடிகளை விட்டு அவனால் கண்ணை எடுக்க முடியவில்லை. "இவ்வளவு பெரிய வண்டி எப்படி மாமா அங்கேயே நிக்குது?" என்று அன்று கேட்டான். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால்தான் எந்தக் கருவியை வாங்குவது என்றும் முடிவு செய்ய முடியும். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

விமானத்தைச் சமநிலைக்குக் கொண்டுவந்து ஸ்டிக்கை விட்டுவிட்டால், அது கொஞ்ச நேரம் தானாகவே நேராகப் போகும். சிறிய ஹெலிகாப்டர் அப்படிப் போகாது. அதில் மூன்று வேலைகள் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். வலது கையில் சைக்ளிக்: மேலே சுற்றும் இறக்கைகளின் வட்டத்தை, அதாவது ரோட்டாரை, முன்னே, பின்னே, பக்கவாட்டில் சாய்ப்பது. இடது கையில் கலெக்டிவ்: இறக்கைகள் எல்லாவற்றின் கோணத்தையும் ஒன்றாகக் கூட்டிக் குறைத்து ஏறுவது, இறங்குவது. கால்களில் பெடல்: வாலில் இருக்கும் சின்ன ரோட்டாரின் தள்ளுவிசையை மாற்றி மூக்கைத் திருப்புவது.

இந்த மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. ராபின்சன் ஆர்22 என்ற சிறிய ஹெலிகாப்டரை எடுத்துக்கொள்வோம். அதன் ரோட்டார், மேலிருந்து பார்த்தால், கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுற்றுகிறது. கலெக்டிவைத் தூக்கினால் எஞ்சின் கூடுதல் முறுக்கு விசை கொடுக்கும். அதற்கு எதிர்வினையாக மூக்கு வலப்பக்கம் திரும்பும். அதை நிறுத்த இடது பெடலை மிதிக்க வேண்டும். மிதித்தால் வால் ரோட்டாரின் தள்ளுவிசை கூடி, மொத்த வண்டியும் வலப்பக்கம் நகரும். அதைத் தடுக்கச் சைக்ளிக்கைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்க்க வேண்டும். சாய்த்தால் தூக்குவிசையில் துளி குறையும், மறுபடி கலெக்டிவ். இப்படி ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டையும் தொட வேண்டும். ஆர்22 அந்தரத்தில் நிற்கும்போது அதன் இடது ஸ்கிட் (தரையில் ஊன்றும் சறுக்குக் கால்) சற்றுத் தாழ்ந்திருப்பதும் இதனால்தான்.

எம்ஐ-17 இதற்கு நேர் எதிர்; அதன் ரோட்டார் கடிகாரத் திசையில் சுற்றுவதால், கலெக்டிவைத் தூக்கும்போது வலது பெடல் வேண்டும். நம் ராணுவத்தின் சேத்தக் ஹெலிகாப்டரும் அப்படித்தான். சிமுலேட்டரில் ஒரு ஹெலிகாப்டரிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது கால் குழம்பினால் காரணம் இதுவாக இருக்கலாம்.

சரி, கடைக்கு வருவோம். அவன் பட்டியலில் நான்கு வழிகள் இருந்தன. கேம்பேட் ஒன்று ஏற்கெனவே அவனிடம் இருக்கிறது. அதையே வைத்துப் பழகுவது முதல் வழி. முறுக்குப் பிடி உள்ள நல்ல ஜாய்ஸ்டிக் ஒன்றை மட்டும் வாங்குவது இரண்டாவது. ஜாய்ஸ்டிக்கும் த்ராட்டிலும் (இடது கையால் எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்பு) ஜோடியாக வரும் பெட்டியை வாங்குவது மூன்றாவது. சுமாரான ஜாய்ஸ்டிக்கோடு பெடல் வாங்குவது நான்காவது. விலை மாதத்துக்கு மாதம், கடைக்குக் கடை மாறுகிறது. அதனால் ரூபாய்க் கணக்கைவிட எது எதைக் கொடுக்கும் என்பதையே அவனிடம் பேசினேன்.

கேம்பேடைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கட்டைவிரலுக்கு அடியில் இருக்கும் அந்தக் குட்டி ஸ்டிக் முழுவதும் நகரும் தூரமே மிகக் குறைவு. அந்தரத்தில் நிற்கத் தேவையான அசைவு அதில் மயிரிழை அளவு. ஊர் சுற்றிப் பார்க்கலாம், கை பழகாது.

இரண்டாவது வழியில்தான் நிறைய பேர் தொடங்குகிறார்கள், நானும் அப்படித்தான் தொடங்கினேன். லாஜிடெக் எக்ஸ்ட்ரீம் 3டி ப்ரோ, த்ரஸ்ட்மாஸ்டர் டி.16000எம், விகேபி கிளாடியேட்டர் என்எக்ஸ்டி ஈவோ ஆகிய மூன்றும் இந்த வகை. பிடியை முறுக்கினால் பெடல் வேலை, அடித்தளத்தில் இருக்கும் சின்ன நெம்பை நகர்த்தினால் கலெக்டிவ் வேலை. ஒரே பொருளில் மூன்றும் அடங்கிவிடுகின்றன. மேசையில் இடம் பிடிக்காது. வேலை முடிந்ததும் எடுத்து அலமாரியில் வைத்துவிடலாம். வீட்டில் எல்லோரும் ஒரே மேசையைப் பயன்படுத்துகிறார்கள் என்றால் இது சின்ன விஷயமில்லை.

இந்த மூன்றுக்குள் வேறுபாடு எங்கே இருக்கிறது என்றால், ஸ்டிக்கின் அசைவைக் கம்ப்யூட்டர் எத்தனை படிகளாகப் பிரித்துப் படிக்கிறது என்பதில். எக்ஸ்ட்ரீம் 3டி ப்ரோவில் சாய்வுக்கு 1,024 படிகள், முறுக்குக்கு 256 படிகள். டி.16000எம்-இல் சாய்வுக்குக் காந்தத்தால் இயங்கும் ஹால் உணரி, 16,384 படிகள். அந்தரத்தில் நிற்கும்போது இந்த வேறுபாட்டை விரலிலேயே உணர முடியும். ஆனால் டி.16000எம்-இலும் முறுக்குக்கு 256 படிதான். அதில் இருப்பதும் பழைய வகைப் பொட்டென்ஷியோமீட்டர்தான். பெட்டியில் போட்டிருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து எல்லா அச்சுக்கும் (அசையும் திசைக்கும்) அதே நுணுக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. கிளாடியேட்டரில் முறுக்குக்கும் தொடுதல் இல்லாத காந்த உணரி. தவிர, வேண்டாதபோது முறுக்கைப் பூட்டிவிடலாம், ஸ்பிரிங்கை மாற்றலாம், இறுக்கத்தைத் திருகிச் சரிசெய்யலாம். ஸ்டிக் என்று மட்டும் பார்த்தால் இந்த மூன்றில் அதுதான் மேல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

உணரியைப் பற்றி இவ்வளவு சொல்வதற்கு எங்கள் ஊரும் ஒரு காரணம். பொட்டென்ஷியோமீட்டர் என்பது ஒரு கரித்தடத்தின் மேல் உலோக முனை உரசிக்கொண்டே போகும் பொருள். தேய்மானம், தூசி, ஈரம் மூன்றும் அதற்கு ஆகாது. குன்னூரில் ஜூனில் தொடங்கி டிசம்பர் வரை ஏதாவது ஒரு மழை இருந்துகொண்டே இருக்கும். மழை விட்டால் மூடுபனி. பீரோவில் இருக்கும் துணியே பூசணம் பிடிக்கிறது. என் முதல் ஜாய்ஸ்டிக் இரண்டு மழைக்காலம் தாண்டியதும் முறுக்கில் துள்ள ஆரம்பித்தது. கையை எடுத்துவிட்டாலும் திரையில் மூக்கு இடமும் வலமும் உதறும். திறந்து, துடைத்து, தெளிப்பான் அடித்து ஓட்டினேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே வேலை. மலையில் இருப்பவர்கள் காந்த உணரிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது நியாயம் என்று அன்றிலிருந்து நினைக்கிறேன். எதை வாங்கினாலும், பயன்படுத்தாதபோது நீர் உறிஞ்சும் சிலிக்கா பைகளோடு மூடிய டப்பாவில் வையுங்கள்.

ஆனால் முறுக்குப் பிடியின் உண்மையான குறை உணரியில் இல்லை, நம் மணிக்கட்டில் இருக்கிறது. பிடியை இடப்பக்கம் முறுக்கும்போது கை தன்னையறியாமல் ஸ்டிக்கையும் கொஞ்சம் சாய்த்துவிடும். விமானத்தில் இது தெரியவே தெரியாது. ஹெலிகாப்டரில் மூக்கைத் திருத்தப் போய் வண்டி பக்கவாட்டில் நழுவும். நழுவலைத் திருத்தச் சாய்த்தால் முறுக்கு மாறி மூக்கு திரும்பும். தப்பு எங்கே நடந்தது என்று கற்றுக்கொள்பவருக்குப் புரியவே புரியாது. தன் கை சரியில்லை என்று நினைத்து விட்டுவிடுவார். எனக்கு ஆறு மாதம் இப்படிப் போயிற்று. அந்த ஆறு மாதம் அவனுக்குப் போகக் கூடாது என்பதுதான் என் கவலை.

மூன்றாவது வழி, ஸ்டிக்கும் த்ராட்டிலும் ஜோடியாக வரும் பெட்டி. அவன் மனது இதில்தான் இருந்தது. இரண்டு கையிலும் நிறைய பொத்தான்கள், பார்க்க போர் விமானத்தின் அறை போலிருக்கும். டி.16000எம்-ஓடு வரும் டிடபிள்யூசிஎஸ் என்ற த்ராட்டில் தண்டவாளத்தில் வழுக்குவது போல நேராக முன்னும் பின்னும் போகும். உராய்வைத் திருகால் கூட்டிக் குறைக்கலாம். சாதாரண ஜாய்ஸ்டிக்கின் அடியில் இருக்கும் கட்டைவிரல் நீள நெம்போடு ஒப்பிட்டால் கலெக்டிவுக்கு இது பல மடங்கு நல்லது. போர் விமானம் ஓட்ட விரும்புபவர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஹெலிகாப்டருக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். காசு முழுக்க இடது கைக்குப் போய்விடுகிறது. முறுக்கும் வேலை அதே வலது மணிக்கட்டில்தான் இருக்கிறது.

த்ராட்டிலைக் கலெக்டிவாகப் பயன்படுத்தும்போது இன்னொரு குழப்பமும் வரும். உண்மையான கலெக்டிவ் இருக்கையின் இடப்பக்கம் தாழ்ந்து கிடக்கும் ஒரு தடி, பின்முனையில் கீல். மேலே தூக்கினால் வண்டி ஏறும். அந்த அசைவு உடலை நோக்கி வருவது. த்ராட்டிலோ முன்னே தள்ளினால் வேகம் கூடும். சிமுலேட்டரில் இதை அப்படியே விட்டால், ஏற வேண்டும் என்றால் கையை முன்னே தள்ளுவீர்கள். விளையாட்டோடு நின்றுவிடப் போகிறீர்கள் என்றால் இதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. என்றாவது உண்மையான ஹெலிகாப்டரில் உட்காரும் எண்ணம் இருந்தால், முதல் நாளே அமைப்புகளில் அந்த அச்சைத் தலைகீழாக்கி, தன்னை நோக்கி இழுத்தால் ஏறுவது போல வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் நின்றால் கலெக்டிவை உடனே கீழே இறக்க வேண்டும். ஆர்22 போன்ற இலகுவான ரோட்டாரில் அதற்குக் கிடைப்பது ஓரிரு நொடிதான். அந்த நொடியில் யோசனை வேலை செய்யாது, கையின் பழக்கம்தான் வேலை செய்யும். தப்பான திசையில் ஊறிய பழக்கத்தை அப்புறம் மாற்றுவது கடினம்.

நான்காவது வழிதான் என் கட்சி: சுமாரான ஸ்டிக், நல்ல பெடல். த்ரஸ்ட்மாஸ்டரின் டிஎஃப்ஆர்பி இருப்பதில் எளியது. இரண்டு மிதிகளும் தண்டவாளத்தில் முன்னும் பின்னும் வழுக்கும். கால்கள் கொஞ்சம் நெருக்கமாக இருக்கும், நடுவில் ஸ்பிரிங் இழுக்கும். லாஜிடெக்கின் பெடல் அதைவிடப் பருமன். இறுக்கத்தைச் சக்கரம் திருகி மாற்றலாம். குரோஷியாவில் செய்யப்படும் எம்எஃப்ஜி கிராஸ்விண்ட் இவற்றுக்கெல்லாம் மேல், ஆனால் அவன் பணத்துக்குள் வராது. வெளிநாட்டிலிருந்து வருவதற்குச் சுங்க வரியும் சேரும். எளிய பெடலே அவனுக்குப் போதும் என்று சொன்னேன். அதன் குறை எனக்குத் தெரியாமல் இல்லை. ஆர்22 போன்ற உண்மையான சிறிய ஹெலிகாப்டரின் பெடலில் நடுவுக்கு இழுக்கும் ஸ்பிரிங் கிடையாது. வைத்த இடத்தில் நிற்கும். இருந்தாலும் கால் தனி, கை தனி என்று பிரிந்துவிடுகிறதே, அந்த ஒன்றுக்காகவே வாங்கலாம்.

சொல்லால் புரிய வைக்க முடியாது என்று அவனை ஒரு ஞாயிற்றுக்கிழமை குன்னூருக்கு வரச் சொன்னேன். முதலில் பெடலை எடுத்துவிட்டு முறுக்கில் ஓட்டச் சொன்னேன். கோவை விமான நிலைய ஓடுதளம், ஆர்22, காற்று இல்லை. தரையை விட்டு எழுந்ததும் வண்டி ஊஞ்சல் போல ஆடி, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அகலம் கூடிக்கூடி, பத்து நொடிக்குள் கவிழ்ந்தது. அரை மணி நேரம் அதே கதை. அப்புறம் பெடலை மாட்டி, முதலில் காலை மட்டும் கொடுத்தேன். சைக்ளிக்கையும் கலெக்டிவையும் நான் பிடித்துக்கொண்டேன். தூரத்துக் கட்டடம் ஒன்றின் மேல் மூக்கை வைத்திருப்பது மட்டும் அவன் வேலை. பத்து நிமிடத்தில் கால் பிடிபட்டது. பிறகு கலெக்டிவ், கடைசியில் சைக்ளிக். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒருமுறை அரை நிமிடத்துக்கு மேல் நின்றான். அதிர்ஷ்டமும் உண்டு, ஆனால் நழுவியபோது எது நழுவியது என்று அவனே வாய்விட்டுச் சொன்னான், "மாமா, இது கால் தப்பு" என்று. கற்றுக்கொள்வதற்கு அதுதான் வேண்டும்.

இந்த முறையை நான் கண்டுபிடிக்கவில்லை. உண்மையான பயிற்சியிலும் ஆசிரியர்கள் ஒவ்வொரு கட்டுப்பாடாகத்தான் மாணவர் கையில் கொடுப்பார்கள். வீட்டில் அப்படி ஆள் இல்லையென்றால், பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து ஒரு நெம்பை அவரிடம் கொடுக்கலாம். என் மனைவி பல மாலைகள் எனக்குக் கலெக்டிவ் பிடித்திருக்கிறாள்.

பெடல் வாங்குபவர் கூடவே யோசிக்க வேண்டியது நாற்காலி. சக்கரம் வைத்த நாற்காலியில் உட்கார்ந்து மிதித்தால் பெடல் நகராது, நாம்தான் பின்னால் போவோம். மர நாற்காலி போடுங்கள். எங்கள் வீட்டு சிவப்புச் சிமெண்டுத் தரையில் பெடலும் வழுக்கியது. ஒரு பலகையில் திருகி, பலகையின் மறுமுனையை நாற்காலியின் முன்கால்களுக்கு முட்டுக் கொடுத்து வைத்தேன். அதோடு தீர்ந்தது.

ஸ்டிக்கை மேசைமேல் வைக்காமல் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் ஒரு சிறு முக்காலியில் வைப்பதும் அதே அளவு முக்கியம். உண்மையான விமானிகள் வலது முன்கையைத் தொடைமேல் ஊன்றி, விரல்களால் மட்டும் சைக்ளிக்கை அசைப்பார்கள். மேசை உயரத்தில் தோள் தூக்கிக் கிடக்கும் கையால் மயிரிழை அசைவு கொடுக்க முடியாது. இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. ஆனால் விலை உயர்ந்த ஸ்டிக்குக்கு மாறியதைவிட இந்த ஒரு மாற்றம் எனக்கு அதிகம் உதவியது.

ஸ்பிரிங் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். ஆர்22 அந்தரத்தில் நிற்கும்போது சைக்ளிக் நடுவில் இருக்காது என்று பார்த்தோம். ஜாய்ஸ்டிக்கின் ஸ்பிரிங் விடாமல் நடுவுக்கு இழுக்கும். கை முழு நேரமும் அதோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். மூன்று வகையில் சமாளிக்கலாம். இருப்பதில் மென்மையான ஸ்பிரிங்கைப் போடலாம்; கிளாடியேட்டரில் இது சுலபம். டிசிஎஸ் வேர்ல்ட் போன்ற சிமுலேட்டரில் ட்ரிம் பொத்தானை அழுத்தி, அந்த இடத்தையே புதிய நடுவாக வைத்துக்கொள்ளலாம். ஹ்யூயி போன்ற பெரிய ஹெலிகாப்டர்களில் உண்மையிலேயே அப்படி ஒரு வசதி உண்டு, ஆர்22-இல் கிடையாது. விபிஃபோர்ஸ் ரைனோ, மோசா ஏபி9 போல மோட்டார் வைத்து விசையைக் காட்டும் ஸ்டிக் வாங்கினால் பிரச்சினையே இல்லை. ஆனால் அந்த விலைக்கு ஒரு நல்ல பழைய ஸ்கூட்டர் வரும். தொடங்குபவர் அந்தப் பக்கம் பார்க்க வேண்டாம்.

வாங்கிய பிறகு செய்ய வேண்டிய அமைப்பு கொஞ்சம்தான். ஸ்டிக் அசைந்தாலும் சிமுலேட்டர் கண்டுகொள்ளாமல் நடுவில் விடும் செயலற்ற பகுதியைச் சுழியம் ஆக்குங்கள். ஹெலிகாப்டருக்கு நடுப்பகுதிதான் உயிர். ஸ்டிக்கின் அசைவுக்கு வண்டி எவ்வளவு பதில் சொல்லும் என்பதைக் காட்டும் வரைகோட்டை நடுவில் மென்மையாக, ஓரத்தில் கூர்மையாக லேசாக வளைக்கலாம், நிறைய வளைக்கக் கூடாது. சிமுலேட்டர் தானாகச் செய்யும் உதவிகளை ஒவ்வொன்றாக அணையுங்கள். முக்கியமாக வால் ரோட்டாரைத் தானே பார்த்துக்கொள்ளும் உதவியை முதலிலேயே அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பெடல் வாங்கியதே வீண்.

எந்தச் சிமுலேட்டர் என்பதில் எனக்கு நீண்ட விவாதம் இல்லை. எக்ஸ்-பிளேன் 12, ரோட்டார் இறக்கையைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொரு துண்டின் மேலும் காற்று செய்யும் விசையைக் கணக்கிடுகிறது. ஆர்22-ம் சிகோர்ஸ்கி எஸ்-76-ம் கூடவே வருகின்றன. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டருக்கு 2022 நவம்பரில்தான் ஹெலிகாப்டர்கள் வந்தன, கேப்ரி ஜி2-ம் பெல் 407-ம். காட்சி அழகில் அதற்கு ஈடில்லை. நம் தேயிலைச் சரிவுகளைச் செயற்கைக்கோள் படத்தோடு காட்டும். ஆனால் அந்தக் காட்சி இணையம் வழியாக வருவது; 2024 பதிப்பு இன்னும் அதிகமாக இணையத்தை நம்பியிருக்கிறது. காற்றடித்து மரம் விழுந்தால் இரண்டு நாள் இணைப்பு இல்லாத கோத்தகிரி வீட்டுக்கு அது பொருந்தாது. டிசிஎஸ் வேர்ல்டின் ஹ்யூயியும் எம்ஐ-8-ம் எனக்கு மிகவும் பிடித்தவை. இலவசமாக இறக்கும் பதிப்பில் ஹெலிகாப்டர் கிடையாது, தனியாக வாங்க வேண்டும். கையில் காசே இல்லையென்றால் ஃப்ளைட்கியர் முழுக்க இலவசம். அதில் பிஓ 105 கிடைக்கிறது. அவனுக்கு எக்ஸ்-பிளேன் என்றேன். முதலில் இலவச முன்னோட்டத்தில் கருவிகள் சரியாக வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்கலாம்.

சிமுலேட்டரில் மலை ஏறுவதைப் பற்றி ஒன்று. கோவையில் நன்றாக நின்றதும் அவன் உடனே ஊட்டி தீட்டுக்கல் ஹெலிபேடுக்குப் போக வேண்டும் என்றான். போகட்டும், ஆனால் கருவி கெட்டுவிட்டது என்று எனக்கு போன் செய்யக் கூடாது என்றேன். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 80 சதவீதம்தான். ரோட்டாருக்கும் வால் ரோட்டாருக்கும் பிடிக்கக் காற்று குறைவு, பிஸ்டன் எஞ்சினுக்கும் மூச்சு குறைவு. கோவையில் லேசாகத் தூக்கினால் எழுந்த வண்டி, இங்கே கலெக்டிவை வெகுவாகத் தூக்கினால்தான் எழும். பெடலும் அதற்கேற்ப அதிகம் வேண்டும். இடது கைக்கு நீண்ட அசைவுள்ள நெம்பு எதற்கு என்று அப்போது புரியும். கட்டைவிரல் நீள நெம்பில், எழுவதற்கும் எல்லை தாண்டுவதற்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும்.

முன்னே வேகமில்லாமல் செங்குத்தாக இறங்கினால், இறங்கும் வேகத்தை நிமிடத்துக்கு 300 அடிக்கு மேல் போக விடாதே என்றும் சொல்லி வைத்தேன். தான் கீழே தள்ளிய காற்றுக்குள்ளேயே ரோட்டார் சிக்கிக்கொள்ளும். அப்போது கலெக்டிவைத் தூக்கத் தூக்க இன்னும் வேகமாக விழும். மூக்கைத் தாழ்த்தி முன்னே வேகம் எடுத்து வெளியே வர வேண்டும். இதை வீட்டிலேயே நூறு முறை செய்து பார்க்க முடிவதுதான் சிமுலேட்டரின் பெரிய கொடை.

மேகத்தைப் பற்றி அவனிடம் தனியாகப் பேசினேன். 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டன் நோக்கி வந்த எம்ஐ-17வி5, காட்டேரிக்கு அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்ததை எங்கள் ஊரில் யாரும் மறக்கவில்லை. முப்படைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத், அவர் மனைவி மதுலிகா உட்பட அதில் இருந்த 14 பேரும் இறந்தார்கள். பள்ளத்தாக்கில் வானிலை திடீரென மாறி, எதிர்பாராமல் மேகத்துக்குள் நுழைந்ததால் விமானிக்குத் திசையுணர்வு குழம்பியது என்று விசாரணை சொன்னது. இயந்திரக் கோளாறோ கவனக்குறைவோ காரணம் இல்லை என்றும் சொன்னது. நல்ல அனுபவம் உள்ளவர்களுக்கே இந்த மலையில் அப்படி நடக்கிறது. ஆகவே, மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறும்போது வானிலையை வேண்டுமென்றே மோசமாக வைத்து, முன்னே இருக்கும் சரிவு மங்கத் தொடங்கியதும் திரும்பிவிடப் பழகச் சொன்னேன். அந்த வழியை விளையாட்டாக ஓட்ட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். தலையாட்டினான்.

வீட்டில் ஓட்டும் மணிநேரம் எந்த உரிமத்துக்கும் கணக்கில் சேராது என்பதையும் அக்காவிடம் சொல்லியாக வேண்டியிருந்தது. அங்கீகாரம் பெற்ற பயிற்சிக் கருவிகளுக்கு மட்டும்தான் அது பொருந்தும். இருக்கை அதிராது, வயிறு கலங்காது, பக்கப் பார்வையில் தரை நகர்வது ஒற்றைத் திரையில் சரியாகத் தெரியாது. அந்தக் கடைசிக் குறையால்தான் சிமுலேட்டரில் அந்தரத்தில் நிற்பது சில வகையில் உண்மையைவிடக் கடினம். திரைக்கு அருகில் பார்க்காமல் தொலைவில் ஒரு புள்ளியைப் பார்த்தால் பாதி சரியாகும்.

இத்தனைக்கும் பிறகு அவன் ஒரு நியாயமான கேள்வி கேட்டான்: "பெடலுக்கும் ஸ்டிக்குக்கும் காசு போச்சுன்னா கலெக்டிவுக்கு என்ன பண்றது மாமா?" ஸ்டிக்கின் அடியில் இருக்கும் நெம்பை வைத்து ஒரு மாதம் ஓட்டலாம். ஆனால் கலெக்டிவ் ஒன்றுதான் வீட்டிலேயே செய்யக்கூடியது. பெடலைவிடவும் ஸ்டிக்கைவிடவும் எளிது, ஏனென்றால் அதில் ஒரே ஒரு அச்சு. என்னுடையது ஒரு அங்குல பிவிசி குழாய், ஒரு கீல், ஒரு காந்த உணரி, கம்ப்யூட்டர் தானாகவே ஜாய்ஸ்டிக் என்று எடுத்துக்கொள்ளும் ஆர்டுயினோ லியோனார்டோ பலகை. கைவிட்டால் விழாமல் நிற்க வேண்டும் என்பதால் கீலில் தோல் வாஷர் இரண்டு வைத்து, நைலான் நட்டால் இறுக்கியிருக்கிறேன். மழைக்காலத்தில் தோல் ஊறி இறுகும், மார்ச்சில் தளரும்; நட்டைத் திருக ஸ்பேனர் ஒன்று பக்கத்திலேயே இருக்கும்.

கடைசியில் அவன் டி.16000எம் ஸ்டிக்கையும் எளிய பெடலையும் வாங்கினான். கிளாடியேட்டரை விட்டுக்கொடுப்பது அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான், அது எனக்கும் புரிகிறது. அதை இன்னொரு சீசனில் வாங்கிக்கொள்ளலாம், பெடல் அப்போதும் இருக்கும். வந்த அன்றே முறுக்கு அச்சை அமைப்பிலிருந்து நீக்கிவிட்டு, முக்காலியில் ஸ்டிக்கை வைத்துப் படம் அனுப்பினான். அத்தான் பட்டறையில் குழாயை அறுத்து வைத்திருக்கிறாராம். உணரியும் பலகையும் என்னிடம் உபரியாக இருக்கின்றன. வருகிற ஞாயிறு எடுத்துக்கொண்டு போகிறேன். கீலை எந்த உயரத்தில் வைப்பது என்பதை அவன் நாற்காலியில் உட்கார்ந்து, காலைப் பெடலில் வைத்து, இடது கையைத் தளர்வாகத் தொங்கவிட்ட பிறகுதான் அளக்க முடியும்.